ஜன்னல் சீட்டில் தூங்கியவனுக்கு

இன்று ஐந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி இருபது. பதினாறு முறை அழுத்திப் பார்த்துவிட்டேன். பதினாறு முறையும் விளக்கு எரிந்தது.

பாய், உனக்கு நான் செய்து கொடுத்த பெட்டி திரும்பவும் என் மேஜைக்கே வந்துவிட்டது. நேற்று உன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஷாஹிதா சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். வேப்பனப்பள்ளியில் அவள் அண்ணன் வீட்டோடு போய் இருக்கப் போகிறாளாம். "இதை மட்டும் நீங்க எடுத்துட்டுப் போயிடுங்கண்ணே. பாப்பா இதைத்தான் வெச்சு அழுத்திட்டே கெடக்குறா. வெளக்கு எரியறப்பல்லாம் எனக்கு நெஞ்சு திக்குங்குது" என்றாள். வாங்கி, பைக் டேங்க் மேல் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

வலது பட்டன் வாங்கிய அன்று இருந்த மாதிரியே பளபளவென்று இருக்கிறது. இடது பட்டனில் பிசுக்கு. மூக்கருகே கொண்டுபோனேன். தைலம். உன் இடது கைக்கு ஷாஹிதா காலையும் மாலையும் தேய்த்துவிட்ட அந்தப் பச்சைத் தைலம். நீ போய் நான்கு மாதம் ஆகிறது. வாசனை போகவில்லை. துடைக்கலாம் என்று துணியை எடுத்தேன். திரும்ப வைத்துவிட்டேன்.

நீ பவர் பிரஸ் ஆபரேட்டர், நான் அதே ஷாப்பில் மெயின்டனன்ஸ். நீ ஐ.டி.ஐ., நான் டிப்ளமோ. அதனாலேயே என் பெயர் உன் வாயில் 'டிப்ளமோ' என்று ஆகிவிட்டது. தகட்டை டையின் அச்சில் வைத்துவிட்டு, இடது கையால் ஒரு பட்டன், வலது கையால் ஒரு பட்டன், இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். அரை நொடி முன்பின் ஆனாலும் இறங்காது. இரண்டு கையும் பட்டன் மேல் இருந்தால் ஒரு கையும் டைக்குள் மாட்டாது. விரல் போகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்துவார்கள். நீ பாடிக்கொண்டே அழுத்துவாய். ஷிஃப்ட் முடிந்ததும் ஷெட்டுக்குப் பின்னால் வாலிபால். நெட்டுக்கு மேலே நீ எழும்பினால் எதிரே நிற்கிறவன் முகத்தை மூடிக்கொள்வான். நான் பந்து பொறுக்குகிறவன்.

அப்படிப்பட்ட உனக்குத்தான் முப்பத்தைந்து வயதில் ஸ்ட்ரோக் வந்தது. கேன்டீன் வரிசையில் நிற்கும்போது இடது கையில் இருந்த தட்டு நழுவி விழுந்தது. "என்னா பாய், காலையிலயே ஏத்திட்டியா?" என்று பின்னால் இருந்தவன் கேட்டான். நீயும் சிரிக்கப் பார்த்தாய். பாதி வாய்தான் சிரித்தது.

சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டோம். மருந்து ஏறியது. சில வாரத்தில் நடந்தாய். பிறகு மாடிப்படி. "பழைய விளையாட்டு ஒடம்பு இல்லியா, அதான் சட்டுனு வருது" என்றார் பிசியோதெரபி பார்த்த அம்மா. மூக்கண்டப்பள்ளியில் உன் தெருவே உன்னை நிறுத்தி நிறுத்திப் பார்த்தது. "ஒண்ணுமே தெரியலியே பாய், நல்லாத்தான கீற!" எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும். ஒரு மிஷின் திரும்ப ஓட ஆரம்பித்தால் வருகிற சந்தோஷம் அது. அதற்கு மேல் யோசிக்கவில்லை.

பிறகு அந்தப் பிரியாணி ஞாயிறு. நீயும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நம் டீமில் புதிதாக வந்தவனுக்கு சர்வீஸ் போடவே தெரியவில்லை என்று நீ கிண்டல் செய்துகொண்டிருந்தாய். வாக்கியத்தின் நடுவில் குரல் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். கை சோற்றுக்குள் இருக்கிறது, கண் மூடியிருக்கிறது. எனக்கு உயிரே போய்விட்டது. தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"சாவலடா, விடு" என்றாய் கண்ணைத் திறக்காமலே.

"எங்க வலிக்குது?"

"வலிக்கல."

"மூச்சு வாங்குதா? தலை சுத்துதா?"

"இல்ல."

"அப்புறம் என்னதான்டா பண்ணுது?"

"ஒண்ணுமே பண்ணல டிப்ளமோ. அதான் பிரச்சன. உள்ள ஒண்ணுமே இல்ல. மூடி தெறந்த கேன் மாதிரி கெடக்குறன்."

எனக்குக் கோபம் வந்தது. உன் மேல் இல்லை. ஒரு கோளாறு என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். காரணத்தைப் பிடித்தால் சரி செய்துவிடலாம். பத்து வருடமாக நான் சம்பளம் வாங்குவதே அந்த நம்பிக்கையில்தான். உன்னை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை சரி. ரத்தசோகை இல்லை. தைராய்டு சரி. மாத்திரையில் ஒன்றை மாற்றிப் பார்த்தார்கள். ஒன்றும் மாறவில்லை.

"ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் நிறைய பேருக்கு இப்படி இருக்குங்க. சோம்பேறித்தனம் இல்ல இது. அடிபட்ட எடத்தை விட்டுட்டு மூளை வேற வழியில வேலை வாங்குது. நீங்க நாங்க சும்மா பண்றதுக்கெல்லாம் அவருக்குப் பெரிய உழைப்பு. தெனமும் கொஞ்சம் நடக்கட்டும், கொஞ்சம் ஓய்வு எடுக்கட்டும். ரெண்டுமே வேணும்" என்றார் டாக்டர்.

"எப்ப சார் சரியாகும்?"

"சொல்ல முடியாது."

வெளியே வந்ததும் கத்தினேன். சொல்ல முடியாது என்பதெல்லாம் ஒரு பதிலா? நீ ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்துகொண்டு, "ஆட்டோ புடிடா மொதல்ல. அப்புறம் கத்து" என்றாய்.

அதிகாலையில் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் ரோட்டில் நடந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? லாரிகள் வருவதற்கு முன்னால், டீக்கடை பாய்லர் புகைய ஆரம்பிக்கும் நேரம். நல்லபடியாக இருக்கிற நாளில் நீ என்னை முந்திக்கொண்டு போவாய். "ஏறு குரு, ஏறு" என்று பெங்களூர்க்காரன் மாதிரி சத்தம் போடுவாய். நன்றாக இருக்கிறதே என்று இன்னும் ஒரு சுற்று போவோம். அடுத்த நாள் நீ எழுந்திருக்க மாட்டாய். அதற்கு அடுத்த நாளும். சரி, குறைப்போம் என்று பாதியாகக் குறைத்தோம். ஒரு வாரம் ஒழுங்காகப் போனது. எட்டாவது நாள், எந்தக் காரணமும் இல்லாமல், தெரு முனையிலேயே உட்கார்ந்துவிட்டாய். விட்டு விட்டு வருகிற கோளாறுதான் எங்கள் வேலையிலேயே மோசமானது. மீட்டரை வைக்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். மூடியை மாட்டியதும் நின்றுவிடும்.

இன்னொரு பக்கம் கம்பெனி கெடு வைத்திருந்தது. லீவு முடிவதற்குள் ஃபிட்னஸ் சர்ட்டிஃபிகேட்டோடு வந்து, உன் பிரஸ்ஸிலேயே நின்று ஓட்டிக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள். கேட்டில் உட்கார்ந்து வண்டி நம்பர் எழுதுகிற வேலையாவது கொடுப்பார்களா என்று நான் விசாரித்துவிட்டு வந்ததற்கு நீ இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாவது நாள் சொன்னாய்: "எனக்கு என் பிரஸ்ஸு வேணும்டா."

அதனால்தான் இந்தப் பெட்டி. ஸ்கிராப்பில் கிடந்த பழைய பேனலில் இருந்து இரண்டு பட்டன், ஒரு டைமர், ஒரு விளக்கு. பிரஸ்ஸில் இருக்கிற அதே அரை நொடி. இரண்டு கையும் ஒன்றாக விழுந்தால் மட்டும் எரியும். முதல் வாரம் எரியவே இல்லை. வலது கை டக்கென்று விழும். இடது கை யோசித்துக்கொண்டே வரும். நீ முழங்கையால் குத்திப் பார்த்தாய். தாடையால் அழுத்தினாய். ஒரு தடவை ஷாஹிதா துணி மடித்துக்கொண்டிருந்தவள் எட்டி இடது பட்டனைத் தட்டிவிட்டாள். எரிந்தது.

"பாத்தியா டிப்ளமோ, இது புருசன் பொண்டாட்டி சேந்து ஓட்டற மிஷினு. கம்பெனில கேட்டுப் பாரு, ரெண்டு பேருக்கும் பாஸ் போடுவாங்களான்னு."

"எனக்கு வேற வேலை இல்ல" என்றாள் ஷாஹிதா. ஆனால் அன்று முழுக்கச் சிரித்த முகமாகவே இருந்தாள்.

உன் கையாலேயே அது முதல் முறை எரிந்தபோது, பட்டனிலிருந்து கையை எடுக்காமல் அப்படியே அழுத்திக்கொண்டு இருந்தாய், விளக்கு அணைந்துவிடக் கூடாது என்பது மாதிரி.

டெஸ்ட் காலையில் நடந்தது. அங்கேதான் எல்லாம் கெட்டது என்று இப்போது தெரிகிறது. ராத்திரி நன்றாகத் தூங்கியிருந்தாய். மெடிக்கல் ரூமில் நடக்கச் சொன்னார்கள், நடந்தாய். கையைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினாய். பிரஸ்ஸில் நிறுத்தினார்கள். டம் டம் என்று இறங்கியது. ஷாப்பில் இருந்த அத்தனை பேரும் கை தட்டினார்கள். நான் விசில் அடித்தேன். 'ஃபிட்' என்று சீல் வைத்துக் கொடுத்தார்கள்.

அந்த சீல்தான் உனக்கு எதிரியாகப் போய் நின்றது. காலையில் நீ பழைய பாய். பதினோரு மணிக்குமேல் பாட்டு நின்றுவிடும். சாப்பாட்டுக்கு அப்புறம் உன் முகத்தைப் பார்க்க முடியாது. யாரோ உள்ளே இருந்து சுவிட்சை அணைத்துவிட்ட மாதிரி இருக்கும். பட்டனை அழுத்துவாய், பிரஸ் இறங்காது. திரும்ப அழுத்துவாய். பக்கத்து லைனில் இருந்த கன்னடக்காரன் விளையாட்டாகத்தான் கேட்டான்: "ஏன் குரு, ராத்திரியெல்லாம் மொபைல்ல படம் பாக்குறியா?"

"ஆமா குரு. உன் படம்தான். காமெடிப் படம்."

அதற்கும் ஒரு பதில் சொல்ல உனக்குத் தெம்பு இருந்தது. என்னிடம் மட்டும் தண்ணீர்க் குழாய் பக்கம் வந்து சொன்னாய்: "கை வந்துடுச்சுடா. ஆளு இன்னும் வரல."

நான் சூப்பர்வைசரிடம் போனேன்.

"சார், பாய்க்கு மத்தியானத்துல கொஞ்சம் உக்கார விடுங்க. இருவது நிமிசம் போதும்."

"ஏன், என்ன பிரச்சன?"

"ரொம்ப டயர்டாயிடறாரு சார்."

"நானுந்தான் டயர்டு. நீ டயர்டு இல்லியா? பேப்பர்ல ஃபிட்டுன்னு இருக்குப்பா. டாக்டர் எழுதிக் குடுத்தா நான் கட்டிலே போட்டுத் தர்றன். டாக்டர் எதை வெச்சு எழுதுவாரு? பிரஷர் நார்மல். ரெண்டு கையும் வேலை செய்யுது. நீ டெக்னிக்கல் ஆளுதான? எதை வெச்சு அளக்கறதுன்னு நீயே சொல்லு, மேல பேசறன்."

அவர் கெட்டவர் இல்லை. உன் டெஸ்ட் அன்றைக்கு முதலில் கை தட்டியதே அவர்தான். அவர் கேட்டது சரியான கேள்வி. வெப்பத்தை அளக்கலாம், அழுத்தத்தை அளக்கலாம், மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று அளக்கலாம். உனக்கு உள்ளே தீர்ந்துபோவதை எதை வைத்து அளப்பது? மீட்டரை எடுத்துக்கொண்டு என் வேலைக்குத் திரும்பினேன்.

என்னால் முடிந்தது ஒன்றே ஒன்றுதான். கம்பெனி பஸ். போச்சம்பள்ளியில் கம்பெனி வாசலில் ஏறினால் மூக்கண்டப்பள்ளி வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். டிரைவருக்குப் பின்னால் ஜன்னல் சீட்டை உனக்கு என்று பிடித்து வைத்தேன். யாரையும் உட்கார விடவில்லை. போனில் சத்தமாகப் பாட்டு வைத்தவனிடம் சண்டை போட்டேன். "பாய் தூங்குது, மெதுவா பேசுங்க" என்று நான் சொல்லிச் சொல்லி, கடைசியில் பஸ்ஸே அதைப் பழகிக்கொண்டது. நீ ஏறி உட்கார்ந்ததும் மற்றவர்கள் குரல் தானாகவே இறங்கும். ஊர் வந்ததும் டிரைவர் நாகராஜண்ணன் திரும்பி உன் முட்டியில் தட்டி, தெலுங்கில் எழுப்புவார்: "லெய் பாய், ஊரு வச்சிந்தி." நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "இப்பதான்டா மனுசனா கீறன்" என்பாய். ஒரு நாளில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல நிமிடம் அது.

மாம்பழ சீசனில் ஒரு நாள். காவேரிப்பட்டணத்தில் பஸ்ஸை நிறுத்தி யாரோ ஒரு பை வாங்கி ஏறினார்கள். கிருஷ்ணகிரி தாண்டும்போது கத்தி வெளியே வந்தது. துண்டு துண்டாக வெட்டி சீட்டு சீட்டாகக் கை மாறியது. "பாய்க்கு ஒண்ணு குடு, எழுப்பு" என்றார்கள். நான்தான் சொன்னேன்: "எழுப்பாதீங்க. தூங்கட்டும். அவன் பங்கை நான் வெச்சிருக்கன்." பேப்பரில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். சூளகிரி போனது. உன் தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்திருந்தது. நல்ல தூக்கம் என்று நினைத்தேன். இவ்வளவு அசையாமல் தூங்குகிறானே என்று சந்தோஷம்கூடப் பட்டேன், பாய்.

மூக்கண்டப்பள்ளி வந்தது. "லெய் பாய்" என்றார் நாகராஜண்ணன். முட்டியைத் தட்டினார். திரும்பவும் தட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். மாம்பழச் சாறு பேப்பரை நனைத்து என் பேன்ட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் தெரிந்துவிடும்.

திரும்பவும் மூளையில் அடைப்பு என்றார்கள் ஆஸ்பத்திரியில். இந்தத் தடவை பெரிய இடத்தில். "எப்ப சார் ஆகியிருக்கும்?" என்று கேட்டேன். வழியில் எங்கேயோ என்றார். "நான் எழுப்பியிருந்தா?" அந்த டாக்டர் சின்ன வயசுக்காரர். "எழுப்பியிருந்தா மட்டும்..." என்று ஆரம்பித்தார். நர்ஸ் கூப்பிட்டார்கள், போய்விட்டார். அந்த வாக்கியத்தை நான் இரண்டு விதமாகவும் முடித்துப் பார்த்துவிட்டேன். இரண்டும் பொருந்துகிறது.

ஷாஹிதா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஊட்ல ராத்திரியெல்லாம் பொரண்டுட்டே கெடப்பாருண்ணே. அந்த பஸ்ல தூங்கறதைப் பத்தித்தான் பெருமையா சொல்வாரு. 'ஒன் அண்ணன் எனக்காகப் பஸ்ஸையே தாலாட்ட வெச்சிருக்கான்'னு. நிம்மதியாத்தான் போயிருக்காரு." எனக்கு ஆறுதல் சொல்வதற்காகச் சொன்னாள். அதைவிட அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

உன் சீட் சில நாள் காலியாக வந்தது. பிறகு புதிதாகச் சேர்ந்த ஒருவர் தெரியாமல் உட்கார்ந்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து திரும்புகிற பஸ்ஸில் யார்தான் தூங்கவில்லை? தலைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து ஆடிக்கொண்டு வருகின்றன. நான் மட்டும் தூங்காமல் ஒவ்வொருவர் நெஞ்சாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன், ஏறி இறங்குகிறதா என்று. பெயின்ட் ஷாப்காரர் ஒருவரை எழுப்பியே விட்டேன். "ஏன்டா, உனக்குத் தூக்கம் வரலைன்னா ஊருக்கே வரக்கூடாதா?" என்று கத்தினார். வீட்டில் அம்மா மதியம் படுத்தால் வாசலில் போய் நிற்கிறேன். ஒரு கண்ணை மட்டும் திறந்து, "இன்னும் இருக்கன்டா, போ" என்கிறாள்.

தூங்க விட்டேன், நீ போய்விட்டாய். எழுப்புகிறேன், அசந்துபோனவர்களின் தூக்கம் கெடுகிறது. எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. நீ இருந்தால், "ரெண்டுமே தப்புடா டிப்ளமோ, ஆட்டோ புடி" என்பாய்.

வெள்ளிக்கிழமை மெடிக்கல் ரூம் நர்ஸ் என்னைக் கூப்பிட்டார். அசெம்பிளியில் இருக்கிற ஒரு அக்காவுக்கு ஸ்ட்ரோக், வலது கை. திரும்ப வேலைக்கு வர முயற்சி செய்கிறார்களாம். "பாய்க்கு ஒரு பெட்டி செஞ்சு குடுத்தீங்களே, அது நல்லா வேலை செஞ்சுதுல்ல?" செய்தது என்றும் சொல்ல முடியவில்லை. இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. பார்க்கிறேன் சிஸ்டர் என்று வந்துவிட்டேன். அதற்காகத்தான் நேற்று உன் வீட்டுக்கே போனேன். நான் கேட்பதற்கு முன்னால் ஷாஹிதா எடுத்து நீட்டினாள்.

இப்போது மணி ஏழரை. செய்யப் போவது இதுதான்:

1. இடது பட்டனைக் கழற்றி நான் வைத்துக்கொள்வேன். துடைக்க மாட்டேன். அந்த இடத்தில் புதுப் பட்டன் மாட்டிக் கொடுப்பேன்.

2. பெட்டியை அந்த அக்கா கையிலேயே கொடுப்பேன். காலையில் எரிந்தால் போதாது, மதியம் இரண்டு மணிக்கும் அழுத்திப் பாருங்கள், எரியாவிட்டால் அதைத்தான் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டும் என்பேன். உன்னையும் மதியத்தில் டெஸ்ட் செய்யச் சொல்லியிருக்கலாம். சூப்பர்வைசர் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். எனக்கு அது இன்று காலை பெட்டியைத் தட்டிக்கொண்டிருக்கும்போதுதான் தோன்றியது.

3. கம்பெனியில் அந்த அக்காவை நம்பாவிட்டால் நான் போய்ப் பேசுவேன். போன தடவை பேசி ஒன்றும் நடக்கவில்லை. இருந்தாலும் போவேன்.

4. வேப்பனப்பள்ளி போய் பாப்பாவுக்கு வேறு ஒரு விளையாட்டுச் சாமான் செய்து கொடுப்பேன். விளக்கு இல்லாததாக.

5. நாளை பஸ்ஸில் சூளகிரி தாண்டியதும் எழுந்து, தூங்குகிறவர்கள் ஒவ்வொருவர் தோளையும் ஒருமுறை தொடுவேன். திட்டுவார்கள். திட்டுகிற சத்தம் காதில் விழுந்த பிறகுதான் அடுத்த சீட்டுக்குப் போவேன்.